ரிட்டர்ன் போடத் தெரியும், வரி தெரியுமா?

கேள்வி: மேடம், எனக்கு 33 வயது. வணிகவியல் பட்டம் முடித்து, ஒன்பது வருடமாக ஒரு தணிக்கை அலுவலகத்தின் வரிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ரிட்டர்ன், வரித்துறை நோட்டீஸுக்குப் பதில், ஆண்டு முடிவு வேலை எல்லாம் நன்றாகவே வரும். போன மாதம் ஒரு கிளையன்ட், தான் வெளிநாட்டில் எடுத்திருக்கும் கட்டட வேலைக்கு அங்கே வரி உண்டா என்று கேட்டார். இரண்டு நாடுகளுக்கும் இடையிலான வரி ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணைச் சொன்னேன். "ஏன் அப்படி?" என்று அவர் கேட்டதும் வாயடைத்துப் போனேன். மேலதிகாரி வந்துதான் சமாளித்தார். அன்றிலிருந்து பல்கலைக்கழகத்தில் வரிவிதிப்பில் முதுகலை படிக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் நான் சட்டம் படித்ததில்லை. வேலையை விட்டுவிட்டுப் படிப்பதா, பகுதி நேரமாகவா? "இரண்டு வருடத்தை அதில் போடுவதற்கு ஒரு தொழில்முறைத் தேர்வை எழுதிவிடலாமே" என்கிறார் கணவர். இந்த வயதில் இது தேவையா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதுகலையைவிட அந்தக் கட்டட வேலைதான் மனதில் நின்றது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வேலை ஒன்பது மாதம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாடுகளுக்கும் இடையிலான வரி ஒப்பந்தம் பெரும்பாலும் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி தயாரித்த மாதிரி ஒப்பந்தத்தை ஒட்டி எழுதப்பட்டிருந்தால், கட்டுமானத் தளம் 12 மாதத்தைத் தாண்டினால்தான் அது பெர்மனென்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட், அதாவது நாம் அலுவலகத்தில் பி.ஈ. என்று சொல்லும், அந்த நாடு வரி போட இடம் தரும் நிலையான தொழில் இடம். ஒன்பது மாத வேலைக்கு அந்த நாடு லாபத்தில் கை வைக்க முடியாது. ஒப்பந்தம் ஐநா மாதிரியை ஒட்டியிருந்தால் எல்லை 6 மாதம். அதே வேலை, அதே லாபம், ஆனால் அங்கே வரி உண்டு. இந்த அளவுக்கு உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். உங்கள் கிளையன்ட் கேட்டது அடுத்த கேள்வி: ஏன் ஒன்றில் 12, இன்னொன்றில் 6?

முதலீடு செய்பவர் ஓர் ஊரில், லாபம் விளைவது இன்னோர் ஊரில் என்றால் வரி யாருக்கு என்பது நூறு வருடச் சண்டை. முதல் உலகப் போருக்குப் பிறகு, ஐநாவுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் இதைக் கையில் எடுத்தது. 1943-ல் மெக்சிகோவில் ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரானது. ஐரோப்பா போரில் சிக்கியிருந்ததால் அங்கே லத்தீன் அமெரிக்க நாடுகளின் கை ஓங்கியிருந்தது. லாபம் எங்கே விளைகிறதோ அந்த நாட்டுக்கே முக்கிய உரிமை என்று அந்த வரைவு சொன்னது. போர் முடிந்து 1946-ல் லண்டனில் கூடியபோது முதலீட்டை ஏற்றுமதி செய்யும் நாடுகள் அதைத் திருப்பி எழுதின. முதலீட்டாளர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டின் பக்கம் தராசு சாய்ந்தது. லண்டன் வழியில் 1963-ல் ஓஇசிடியின் மாதிரி வந்தது. வளரும் நாடுகளையும் மனதில் வைத்து 1980-ல் ஐநா மாதிரி வந்தது. 12 மாதம் என்றால் வேலை நடக்கும் நாடு கூடுதலாக விட்டுக்கொடுக்கிறது, 6 மாதம் என்றால் குறைவாக விட்டுக்கொடுக்கிறது. அவ்வளவுதான் அந்த எண்களின் பின்னால் இருப்பது.

இது வெறும் சரித்திரம்தானே, கிளையன்டுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். வானிலை சரியில்லாமல் ஆறு வாரம் வேலை நின்றால் அந்த நாட்கள் கணக்கில் சேருமா? உங்கள் கிளையன்டுக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர் தனியாக வேலை பார்த்த நாட்கள்? ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. ஓஇசிடி மாதிரிக்கான விளக்கவுரையைப் பிரித்தால் இரண்டும் சேரும் என்று இருக்கும். அந்த விளக்கவுரை எவ்வளவு தூரம் ஒரு நாட்டைக் கட்டுப்படுத்தும், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு திருத்தப்பட்ட விளக்கவுரையைப் பழைய ஒப்பந்தத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதெல்லாம் நிபுணர்களே ஒத்துப்போகாத இடம். முதுகலை வகுப்பில் பெரும்பாலான நேரம் இந்த மாதிரி இடங்களில்தான் போகும். வரி விகிதம் என்ன, எந்தப் படிவம், கடைசித் தேதி எது என்பதையெல்லாம் அங்கே யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அதில் நீங்கள் உங்கள் பேராசிரியரைவிடக் கெட்டியாகவே இருப்பீர்கள்.

ஆகவே என் பதில், படியுங்கள். உங்களை இழுப்பது பட்டத்தின் பெயர் இல்லை, ஒரு "ஏன்" என்பது கடிதத்திலேயே தெரிகிறது. சம்பளம் உயரும் என்று மட்டும் எழுதியிருந்தால் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன்.

சட்டம் படிக்காத பயத்துக்கு வருவோம். நானும் கணக்கியல் பக்கமிருந்து வந்தவள்தான். பதினோரு வருடம் வேலை பார்த்த பிறகு பகுதி நேரமாகப் படித்தேன். முதல் கட்டுரையை, கிளையன்டுக்குக் கருத்துரை எழுதுவது போலவே எழுதிக் கொடுத்தேன்: இதுதான் நிலைமை, இதுதான் பிரிவு, ஆகவே வரி இல்லை. ரொம்பத் தெளிவாக எழுதியதாக எனக்கு எண்ணம். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண்களில் ஒன்று எனக்கு. ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்தது ஒரே கேள்வி: எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வார்? அப்போது கோபம்தான் வந்தது. நம் தொழிலில் எதிர்த்தரப்பு சொல்லப்போவதை நாமே எழுதிக் கொடுத்தால் கிளையன்ட் ஓடிவிடுவார். பல்கலைக்கழகத்தில் அதை எழுதாவிட்டால் நீங்கள் யோசிக்கவில்லை என்று அர்த்தம். இந்தப் பழக்கம் மாற எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது. சட்டம் படித்தவர்களுக்கு இது முதலிலேயே கைவந்திருக்கும். அவர்கள் உங்களைவிட முந்தியிருப்பது அந்த ஓர் இடத்தில்தான். இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்ததும் அவர்களில் பாதிப் பேர் திணறுவார்கள், அதையும் பார்க்கத்தான் போகிறீர்கள்.

தீர்ப்புகளைப் படிப்பது எப்படி இருக்கும் என்று ருசி பார்க்க வேண்டுமானால் 1935-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் வரித் தவிர்ப்பு பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். அமெரிக்காவில் கிரிகரி என்ற பெண்மணி, தன் நிறுவனத்திடம் இருந்த பங்குகளைக் குறைந்த வரியில் தன் கைக்குக் கொண்டுவருவதற்காகப் புதிதாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, பங்குகளை அதற்கு மாற்றி, சில நாட்களில் அதைக் கலைத்துவிட்டார். சட்டம் கேட்ட ஒவ்வொரு படியும் காகிதத்தில் இருந்தது. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் மனதில் வைத்திருந்த மறுசீரமைப்பு இது இல்லை என்று சொல்லிவிட்டது. பிரிட்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு, தோட்டக்காரர் முதலிய வேலைக்காரர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்திருந்தால் வரிக் கழிவு கிடைக்காது என்பதால், ஒரு பத்திரம் எழுதி அதன்படி வாராவாரம் பணம் கொடுத்தார். அங்கே பிரபு ஜெயித்தார். சட்டத்துக்கு உட்பட்டு வரியைக் குறைத்துக்கொள்வது ஒருவருடைய உரிமை, பத்திரம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு என்றார்கள். அந்த நிலைப்பாட்டிலிருந்து பிரிட்டன் தெளிவாக விலகிய ராம்சே தீர்ப்பு வர 1981 ஆனது.

இரண்டையும் ஒரு மாலையில் படித்துவிடலாம். படித்துவிட்டு, யார் சொன்னது சரி என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். அடுத்த நாள் மற்றவர் பக்கம் நின்று இன்னும் இரண்டு பக்கம். கை ஓடினால் விண்ணப்பம் போடுங்கள். முதல் பக்கத்திலேயே கொட்டாவி வந்தால் இரண்டு வருடமும் அந்தக் கொட்டாவிதான்.

சேர்ந்தால் கொஞ்சம் பொருளியலும் வரும். அதைக் கண்டு பலர் மிரளுகிறார்கள், எனக்கோ மிகவும் பிடித்த தாள் அதுதான். வரியைக் கட்டுபவர் வேறு, சுமப்பவர் வேறு என்பதை அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நிறுவனத்தின் மீது வரி போட்டால் அது கடைசியில் பங்குதாரருக்குக் குறையும் லாபமாகவோ, ஊழியருக்குக் குறையும் சம்பளமாகவோ, வாங்குபவருக்கு ஏறும் விலையாகவோதான் போய்ச் சேரும். நிறுவனம் என்ற காகிதப் பிறவி எதையும் சுமப்பதில்லை. எந்தப் பங்கு யாருக்கு என்பதில்தான் சர்ச்சை. பிராங்க் ராம்சே (தீர்ப்பில் வந்த ராம்சே வேறு) 1927-ல் எழுதிய கட்டுரை, ஜேம்ஸ் மிர்லீஸ் 1971-ல் எழுதியது இவையெல்லாம் பட்டியலில் இருக்கும். மிர்லீஸுக்கு 1996-ல் வில்லியம் விக்ரியோடு சேர்த்து நோபல் கிடைத்தது. மூலக் கட்டுரைகளின் கணிதம் கடினம். பெரும்பாலான வரிப் படிப்புகளில் கருத்து மட்டும் போதும். ஆனால் பொருளியல் துறை நடத்தும் படிப்பாக இருந்தால் கணிதம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கணவர் சொல்வது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதுகலைப் பட்டம் பெரும்பாலான நாடுகளில் தொழில் செய்யும் உரிமையைத் தராது. கையெழுத்துப் போடும் அதிகாரமும், தீர்ப்பாயத்தில் ஆஜராகும் அதிகாரமும் தொழில்முறை அமைப்பின் உறுப்பினர் தகுதியிலிருந்தோ, வழக்கறிஞர் பதிவிலிருந்தோ வருபவை. உங்களுக்கு அந்தத் தகுதி இன்னும் கிடைக்கவில்லை, அலுவலகத்தில் மேலே போக அதுதான் தடை என்றால் முதலில் அதை முடியுங்கள். முதுகலை எங்கேயும் ஓடிவிடாது. அந்தத் தகுதி ஏற்கெனவே இருந்து, சர்வதேச வரி மட்டும் வேண்டும் என்றால் லண்டனில் உள்ள சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டாக்சேஷன் நடத்தும் ஏடிஐடி என்ற தேர்வு இருக்கிறது. வெளிநாடுகளிலிருந்தும் எழுதலாம், வேலையை விடத் தேவையில்லை, செலவும் பல்கலைக்கழகத்தைவிடப் பல மடங்கு குறைவு. பி.ஈ., டிரான்ஸ்ஃபர் பிரைசிங் (ஒரே குழும நிறுவனங்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் விலை) எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் தேர்வுக்குத் தனியாக உட்கார்ந்து படிக்கும்போது ஓரத்தில் கேள்வி எழுத ஒரு பேராசிரியர் இருக்கமாட்டார். நமக்கு எதிரே உட்கார்ந்து "இல்லை, நீங்கள் சொல்வது தப்பு" என்று சொல்ல, வரித்துறையிலிருந்து வந்த சக மாணவரும் இருக்கமாட்டார். என் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தார். நோட்டீஸுக்கு நான் எழுதும் பதிலை எதிர்ப்பக்கம் எப்படிப் படிப்பார்கள் என்று அவரிடம் கற்றது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எந்தப் படிப்பு என்பதில் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எல்எல்.எம். என்றால் சட்டத் துறை, எம்.எஸ்சி. என்றால் பெரும்பாலும் கணக்கியலும் பொருளியலும் கலந்தது. அமெரிக்காவில் இந்தப் பிரிப்பு கறாரானது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வரி எல்எல்.எம். சட்டம் படித்தவர்களுக்கானது, கணக்காளர்களுக்கு வரிவிதிப்பில் எம்.எஸ். என்று வேறு வழி இருக்கிறது. ஐரோப்பாவில் கோடு கொஞ்சம் மங்கல். சட்டப் பட்டம் இல்லாதவரைச் சேர்க்கும் எல்எல்.எம்.களும் உண்டு. சர்வதேச வரிக்கு லெய்டனும் வியன்னா பொருளாதாரப் பல்கலைக்கழகமும் பெயர் பெற்றவை. வியன்னாவில் ஒரு வருட முழு நேரம், இரண்டு வருடப் பகுதி நேரம் என இரண்டும் உண்டு. ஆக்ஸ்போர்டின் எம்.எஸ்சி. 2016-ல் தொடங்கியது, வேலையில் இருப்பவர்களுக்காகவே இரண்டு வருடப் பகுதி நேரமாக அமைத்தது. இவற்றில்தான் சேர வேண்டும் என்று சொல்லவில்லை. இவற்றின் பாடத்திட்டங்களை ஒரு முறை படித்துவிட்டு, உங்கள் கைக்கெட்டும் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது குறைகிறது என்று தெரியும்.

அப்படிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது ஆண்டு. 2015-ல், பன்னாட்டு நிறுவனங்கள் லாபத்தைக் குறைந்த வரி நாடுகளுக்கு நகர்த்துவதைத் தடுக்கும் பெப்ஸ் திட்டத்தின் 15 நடவடிக்கைகள் வந்தன. 2021-ல் 130-க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் 15 சதவீத உலகளாவிய குறைந்தபட்ச வரிக்கு ஒப்புக்கொண்டன. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தொடும் குழுமங்களுக்கானது அது. 2024 டிசம்பரில் ஐநா பொதுச்சபை ஒரு புதிய வரி உடன்படிக்கைக்கான வரையறையை ஏற்றுப் பேச்சுவார்த்தைக்கு வழிவிட்டது, மெக்சிகோவும் லண்டனும் போட்ட சண்டை மறுபடி தொடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம். பாடத்திட்டத்தில் இவை எதுவும் இல்லையென்றால், பத்து வருடமாக யாரும் அதைத் தொடவில்லை என்று பொருள். எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. சில இடங்களில் குறைந்தபட்ச வரியைத் தவிர வேறெதுவும் உலகத்தில் இல்லாதது போல நடத்துகிறார்கள். 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் வாட் அல்லது ஜிஎஸ்டி இருக்கிறது, மோரிஸ் லோரே என்ற பிரெஞ்சு அதிகாரி வடிவமைத்து 1954-ல் பிரான்சில் தொடங்கியது. அதற்கு ஒரு விருப்பத் தாளை ஒதுக்கிவிட்டுப் போகும் படிப்புகளை எனக்குப் பிடிப்பதில்லை. உங்கள் கிளையன்டுகள் பெரும்பாலும் நடுத்தர நிறுவனங்களாக இருந்தால் அவர்களுக்குத் தினசரித் தலைவலி வாட்தான், 75 கோடி யூரோ இல்லை.

அப்புறம், பாடம் நடத்துபவர் யார் என்று பாருங்கள். இணையதளத்தில் முதலில் தெரியும் பெரிய பெயர் வருடத்துக்கு ஒரு சொற்பொழிவு கொடுத்துவிட்டுப் போகிறவராக இருக்கலாம். கடைசியாகப் படித்து முடித்த இரண்டு பேரிடமாவது பேசாமல் கட்டணம் கட்டாதீர்கள்.

முழு நேரமா, பகுதி நேரமா? உங்களுக்குப் பகுதி நேரம். ஒன்பது வருட அனுபவத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு வருடம் காணாமல் போவதைவிட, காலையில் படித்த தீர்ப்பை மாலையில் ஒரு கோப்பில் உரசிப் பார்ப்பது உங்களைப் போன்றவருக்கு நல்லது. ஆனால் இது சுலபம் என்று நினைக்க வேண்டாம். எனக்கு வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் போயிற்று, ஆய்வேட்டு மாதங்களில் இருபது. வீட்டு வேலை யார் கணக்கில் போகும் என்பதைச் சேர்வதற்கு முன்பே கணவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ரிட்டர்ன் கெடுவும் தேர்வும் ஒரே வாரத்தில் மோதுகிறதா என்று கல்வி நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. முதல் வருடம் ஒரு தேர்வைத் தூக்கமில்லாமல் எழுதித் தோற்றேன், மறுபடி எழுதினேன்.

ஆய்வேட்டுக்கு இப்போதே ஒரு நோட்டு போடுங்கள். அலுவலகத்தில் "இதற்குச் சட்டத்தில் பதிலே இல்லையே" என்று தோன்றும் ஒவ்வொன்றையும் கிளையன்ட் பெயர் இல்லாமல் அதில் எழுதி வையுங்கள். பெரிய தலைப்புகள் மாணவரை விழுங்கிவிடும். "டிஜிட்டல் பொருளாதாரமும் வரிவிதிப்பும்" என்று கிளம்பியவர்கள் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். "வேலை நின்ற நாட்கள் கட்டுமானத் தளத்தின் கால எல்லையில் எப்போது சேராது" என்பது சின்னத் தலைப்பு, ஆனால் முடியும். மாணவராக இருக்கும்போது ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஐபிஎஃப்டி என்ற வரி ஆய்வு நிறுவனத்தின் வரி ஒப்பந்தத் தரவுத்தளம் போன்றவை நூலகம் வழியாகக் கிடைக்கும். தனியாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். பட்டம் வாங்கும் வரை அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வயது பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் வகுப்பில் 33 வயதுக்காரர் யாராவது வந்திருந்தால் அவரைச் சின்னப் பெண் என்றுதான் கூப்பிட்டிருப்போம்.

பரிந்துரைக் கடிதத்துக்கு அன்று நிலைமையைச் சமாளித்த மேலதிகாரியையே கேளுங்கள். அந்தக் கட்டட வேலைக் கதையையும் அவருக்கு நினைவூட்டுங்கள், நல்ல பரிந்துரைக் கடிதத்துக்கு அதுவே பொருள். கெடு வேலைகள் குவிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த மேலதிகாரியும் இரண்டு வரிக்கு மேல் எழுதித் தரமாட்டார்.